படமும் உரையும் ஒன்றுபடுதல் வேண்டும்

ஒரு பணி எந்தெந்தப் படிகளில் நடைபெற வேண்டும் என்பதை அறிவிக்க இரு வழிகள் உள. ஒன்று, உரைநடையில் எழுதுதல். மற்றொன்று, கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட ஓட்டப்படமாக வரைதல். 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதியர் இத்தகைய படமுறையைப் பொறியியலாளர் முன் வைத்தனர். இன்று அதற்கு அனைத்துலகத் தர அளவையும் உண்டு. ஆயினும், படம் ஒன்று கூற, உரை வேறொன்று கூறுமாயின், களப்பணியாளர் எதனைப் பின்பற்றுவது? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதைப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறங்கள் உணர்த்தும்.

அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும், பரம்பிக்குளத்தில் காடரும் மலசரும், 2010-இல் தனி ஊராட்சியான இடமலைக்குடியில் முதுவரும் வாழ்கின்றனர். இவர்தம் காட்டு நிலவுரிமை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைச் சார்ந்தது. கிராம சபை கோரிக்கைகளைக் கேட்கும். வன உரிமைக் குழு, மனுதாரருக்கும் வனத்துறைக்கும் முன்னறிவிப்புத் தந்தபின் நிலத்தை நேரில் பார்வையிடும். சபையின் தீர்மானம் உட்கோட்டக் குழுவுக்கும், பின்னர் மாவட்டக் குழுவுக்கும் செல்லும்.

இதனை ஐந்து கட்டங்களில் எளிதாக வரைந்துவிடலாம். ஆனால் சட்டம் அத்துடன் நிற்கவில்லை. சபையின் தீர்மானத்தால் குறையுற்றவர் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவால் குறையுற்றவர் மேலும் 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம். இதற்கு வழிசெய்யும் பொருட்டே, கோரிக்கை மறுக்கப்பட்டால் அதனை மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும் என 2012-ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் பணிக்கின்றன. இந்தக் கிளை அம்பு படத்தில் விடுபட்டிருப்பின், படத்தை மட்டும் நம்பிய பணியாளர், "உங்கள் மனு முடிந்துவிட்டது" என்று கூறித் திரும்புவார். நாட்கள் கழியும், குடும்பம் நிலத்தை இழக்கும்.

சட்டத்தின் சொல்லே இறுதியானது, படம் வெறும் துணையே என்பர் சிலர். நீதிமன்றத்தில் அஃது உண்மை. மலையூரில் கைக்கு எட்டுவதோ சுவரில் ஒட்டிய படமே. ஆதலின் அதன் பிழையைச் சிறு பிழையெனத் தள்ளுதல் தகாது.

இவ்வெல்லையில் மொழியும் ஒரு தடையாகும். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. மலையாள வினைமுற்று, செய்தவர் ஒருவரா பலரா என்பதைக் காட்டாது. தமிழ் வினைமுற்றோ காட்டும். "அனுப்பப்படும்" என்று எழுதினால் அனுப்புபவர் யாரென்பதே மறைந்துவிடும். நன்கு வரைந்த படத்திலோ ஒவ்வொரு கட்டமும் அதற்குரிய அலுவலரின் நிரலில் அமைந்திருக்கும். எனவே, உரையின் மறைவைப் படம் வெளிப்படுத்தும். படத்தில் அடங்காத காரணத்தையும் விதிவிலக்கையும் உரை விளக்கும்.

இவ்விரண்டையும் கணினியால் ஒப்பிடும் முறைகளை 2015-இல் வான் டெர் ஆ, லியோபால்டு, ரைஜர்ஸ் ஆகியோரும், 2017-இல் சாஞ்செஸ் பெரெரஸ், கார்மோனா, பாத்ரோ ஆகியோரும் வெளியிட்டனர். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதற்கு நெருங்கிய கட்டத்தோடு இணைத்து, இணை கிடைக்காதவற்றையும் வரிசை பிறழ்ந்தவற்றையும் கணினி சுட்டிக்காட்டும். அவ்வாய்வுகள் கையாண்டவை ஆங்கில உரைகள். தமிழின் வினையெச்சத் தொடர்களுக்கு அவை பயன்பட இன்னும் உழைப்புத் தேவை.

அதுவரை காத்திருத்தல் வேண்டா. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய வாக்கியத்தின் எண்ணை இடலாம். எண் பெறாத கட்டமும் கட்டம் பெறாத வாக்கியமும் பிழையின் அடையாளங்கள். விதி திருத்தப்படும்போது இரண்டையும் ஒருங்கே திருத்த வேண்டும். ஆசிரியர்கள், மாணவரில் ஒரு சாராரை உரையைக் கண்டு படம் வரையவும், மறுசாராரை அப்படத்தை மட்டும் கண்டு உரை எழுதவும் செய்யலாம். இறுதியில் கிடைக்கும் உரை, முதல் உரையினின்று மாறுபடும் இடத்திலேயே குறை உள்ளது. படத்தைச் சுவரில் ஒட்டுமுன், அதனால் பயன்பெற வேண்டியவர் முன்னிலையில், அவர்க்குப் புரியும் மொழியில் ஒருமுறை படித்துக் காட்டுதல் எல்லாவற்றினும் சிறந்த சோதனையாகும்.