விற்ற பொருளின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

நான் முப்பது வருடங்களுக்கு மேலாக ஹாட்வெயார் கடை நடத்தி வருபவன். பூட்டு விற்பது எனது தொழிலில் ஒரு பகுதி. பூட்டு வாங்க வரும் ஒருவரிடம் முழு விலையையும் எடுத்துக்கொண்டு, "சாவி எங்கள் கடையில்தான் இருக்கும், கதவைத் திறக்க வேண்டிய நேரமெல்லாம் வந்து கேளுங்கள்" என்று நான் சொன்னால் அந்த மனிதர் என்ன செய்வார்? பூட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார். ஊரெல்லாம் எனது கடையைப் பற்றிச் சொல்லியும் திரிவார்.

ஆனால் உலகின் மிகப்பெரிய கம்பனிகள் பல, பாட்டையும் கணினி விளையாட்டையும் இருபது வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் விற்று வந்திருக்கின்றன. டிஜிட்டல் உரிமை முகாமைத்துவம், சுருக்கமாக டி.ஆர்.எம். என்று இதற்குப் பெயர். நான் கணினி நிபுணன் அல்லன். காசு கொடுத்து வாங்கும் ஒரு நுகர்வோன் என்ற வகையிலும் ஒரு வியாபாரி என்ற வகையிலுமே இதைப் பற்றி எழுதுகிறேன்.

பூட்டு வேலை செய்யும் விதம்

விடயம் சிக்கலானதல்ல. இணையக் கடையில் ஒரு பாட்டை வாங்கினால் அது பூட்டப்பட்ட கோப்பாகவே நமது கணினிக்கு வருகிறது. அதைத் திறக்கும் இரகசிய இலக்கம் கம்பனியின் சேர்வர் கணினியிலிருந்து வர வேண்டும். அந்த இலக்கம் குறிப்பிட்ட கணினிக்கோ கணக்குக்கோ மாத்திரமே செல்லுபடியாகும். கணினி பழுதடைந்து புதியதொன்றை வாங்கினால் மறுபடியும் சேர்வரிடம் அனுமதி கேட்க வேண்டும். சேர்வர் இல்லையென்றால் அனுமதியும் இல்லை. பாட்டு நமது கைவசம் இருக்கும், கேட்க முடியாது.

கம்பனிகள் இதற்குச் சொல்லும் காரணம் களவு. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. பாடகர், இசையமைப்பாளர், விளையாட்டை உருவாக்கியவர் எல்லோரும் உழைத்துத்தான் ஒரு பொருளைத் தருகிறார்கள். அதை இலவசமாகப் பிரதி பண்ணி விற்பவன் மற்றவனின் உழைப்பைத் திருடுகிறான். நமது கடைச் சரக்கை ஒருவன் தூக்கிச் சென்றால் நமக்கு எப்படி வலிக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் வலிக்கும். கேள்வி அதுவல்ல. இந்தப் பூட்டு யாரைப் பிடிக்கிறது என்பதே கேள்வி.

காசு கொடுத்தவனுக்குக் கிடைத்த தண்டனை

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். சொனி பிஎம்ஜி என்ற இசைக் கம்பனி, 52 இறுவட்டுத் தலைப்புகளில் பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்து விற்றது. வாடிக்கையாளர் இறுவட்டைக் கணினியில் போட்டதும் அந்த மென்பொருள் உள்ளே சென்று, இருக்கும் இடம் தெரியாமல் ஒளிந்துகொண்டது. மார்க் ருஸினோவிச் என்ற கணினி நிபுணர் அவ்வருடம் ஒக்டோபர் இறுதியில் இதை அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நவம்பரில் கம்பனி இறுவட்டுகளைத் திருப்பி எடுத்தது. டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2007 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் ஏற்பட்ட இணக்கத்தின்படி, கணினி சேதமடைந்தவர்களுக்கு 150 டொலர் வரை கொடுக்கக் கம்பனி ஒப்புக்கொண்டது.

இங்கே பாதிக்கப்பட்டவர் யார்? கடைக்குப் போய்க் காசு கொடுத்து அசல் இறுவட்டு வாங்கியவர். அதே பாட்டை இணையத்தில் களவாக எடுத்தவனின் கணினிக்கு இந்த மென்பொருளால் ஒன்றும் நடக்கவில்லை. நேர்மையான வாடிக்கையாளனுக்குத் தண்டனை, கள்ளனுக்கு விடுதலை. இப்படியொரு காவல்காரனை நமது கடை வாசலில் ஒரு நாளாவது வைத்திருப்போமா?

கடையை மூடினால் சாவியும் போய்விடும்

இரண்டாவது பிரச்சினை 2008இல் வெளிவந்தது. மைக்ரோசொப்ட் கம்பனி நடத்திய எம்.எஸ்.என். மியூசிக் என்ற கடை 2006இலேயே விற்பனையை நிறுத்தியிருந்தது. அங்கு பாட்டு வாங்கியவர்களுக்கு 2008 ஏப்ரலில் ஓர் அறிவித்தல் வந்தது. அவ்வருடம் ஓகஸ்ட் 31ஆம் திகதிக்குப் பின்னர் புதிய கணினிகளுக்கு அனுமதி வழங்கப்படமாட்டாது என்பதே அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பியதும் 2011 இறுதி வரை அனுமதி தருவதாகக் கம்பனி சொன்னது. 2008 ஜூலையில் யாஹூ மியூசிக் நிறுவனமும் அதே போன்ற அறிவித்தலை விடுத்துப் பின்னர் வாடிக்கையாளர்களுக்கு ஈடு செய்ய முன்வந்தது. செப்டெம்பரில் வால்மார்ட் நிறுவனமும் தனது பாட்டுச் சேர்வரை மூடப்போவதாகச் சொல்லி, முறைப்பாடுகள் குவிந்ததும் தீர்மானத்தை மாற்றியது.

மூன்றும் சின்னக் கடைகளல்ல. ஒரு கடை மூடப்படுவது வியாபாரத்தில் சாதாரண விடயம். நான் நாளைக்கே கடையை மூடினாலும் என்னிடம் பத்து வருடங்களுக்கு முன்னர் வாங்கிய சுத்தியல் வேலை செய்யும். கடையோடு சேர்ந்து விற்ற பொருளும் செத்துப்போவதென்றால் அது விற்பனையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பூட்டைக் கழற்றிய பின்னர்

பாட்டு வியாபாரிகள் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். அப்பிள் கம்பனி 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சதத்துக்கு, பூட்டுடன் விற்றது. 2007 பெப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 2006இல் உலகெங்கும் இணையக் கடைகளில் பூட்டுடன் விற்கப்பட்ட பாட்டுகள் 2 பில்லியனுக்கும் குறைவு. அதே வருடம் இசைக் கம்பனிகள் தாமே எந்தப் பூட்டும் இல்லாமல் இறுவட்டுகளில் விற்ற பாட்டுகள் 20 பில்லியனுக்கும் அதிகம் என்று அதில் சுட்டிக்காட்டினார். முன் கதவு முழுவதும் திறந்து கிடக்கும்போது ஜன்னலுக்கு மட்டும் பூட்டுப் போடுவதில் என்ன பயன்?

அதன் பின் ஈ.எம்.ஐ. கம்பனி முதலில் பூட்டைக் கழற்றியது. 2007 செப்டெம்பரில் அமேசன் பூட்டில்லாத பாட்டுக் கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில் ஐடியூன்ஸ் கடையும் எல்லாப் பாட்டுகளையும் பூட்டில்லாமல் விற்கப்போவதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தமது பாட்டின் பூட்டைக் கழற்ற ஒரு பாட்டுக்கு 30 சதம் மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. பூட்டைக் கழற்றியதால் பாட்டு விற்பனை அழிந்துவிடும் என்ற பயம் பலிக்கவில்லை. அமேசனும் அப்பிளும் தொடர்ந்து பாட்டு விற்றுக்கொண்டுதான் இருந்தன.

விளையாட்டுத் துறை மட்டும் ஏன் பிடிவாதம்?

கணினி விளையாட்டுக் கம்பனிகள் எதிர்த்திசையில் போயின. 2008 செப்டெம்பரில் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனி ஸ்போர் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை மூன்று தடவைகள் மட்டுமே கணினியில் நிறுவலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. ஆயிரக்கணக்கானோர் அமேசன் தளத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினார்கள். கம்பனி மூன்றை ஐந்தாக்கியது. ஆனால் பூட்டு உடைக்கப்பட்ட களவுப் பிரதி, விளையாட்டு முறைப்படி வெளியாவதற்கு முன்னரே இணையத்தில் கிடைத்துவிட்டது.

2010இல் யுபிசொப்ட் கம்பனி, விளையாடும் நேரம் முழுவதும் இணையத் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. அவ்வருடம் மார்ச்சில் அதன் சேர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளானபோது காசு கொடுத்து வாங்கியவர்கள் விளையாட முடியாமல் காத்திருந்தார்கள். 2013 மார்ச்சில் சிம்சிட்டி வெளியானபோதும் இதுவே நடந்தது. சேர்வர்கள் நெரிசலைத் தாங்கவில்லை. வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் இன்னொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது. ஒரு வருடம் கழித்து, இணையமின்றி விளையாடும் வசதியையும் சேர்த்தது.

எனது வீட்டிலும் ஓர் அனுபவம் உண்டு. மகன் முழு விலை கொடுத்து ஒரு விளையாட்டு இறுவட்டு வாங்கினான். விளையாடி முடித்ததும் எனது தங்கையின் மகனுக்குக் கொடுத்தான். அந்தப் பிள்ளை கணினியில் போட்டால், இந்த இலக்கம் ஏற்கெனவே வேறொரு கணக்கில் பதியப்பட்டுள்ளது என்ற செய்திதான் வந்தது. கம்பனிக்கு எழுதினோம். மாற்றித் தர முடியாது என்று பதில் வந்தது. வாங்கிய புத்தகத்தை, சைக்கிளை, தையல் இயந்திரத்தைச் சொந்தக்காரனுக்குக் கொடுக்கலாம், பழையதாக விற்கவும் செய்யலாம். இதை மட்டும் கொடுக்க முடியாதென்றால் எனது மகன் வாங்கியது எதை?

இதே எண்ணத்துடன் மைக்ரோசொப்ட் 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் இயந்திரத்தை அறிவித்தது. 24 மணித்தியாலத்துக்கு ஒரு முறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும், பழைய இறுவட்டை விற்பதற்கும் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு என்று சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில கிழமைகளுக்குள், ஜூன் 19ஆம் திகதி, அந்தத் திட்டத்தைக் கம்பனி கைவிட்டது. நுகர்வோர் ஒன்றாகப் பேசினால் பெரிய கம்பனியும் செவிசாய்க்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்று நிலைமை எங்கே வந்து நிற்கிறது? யுபிசொப்ட் கம்பனி 2014இல் வெளியிட்ட த க்ரூ என்ற கார் ஓட்ட விளையாட்டின் சேர்வர்களை 2024 மார்ச் 31ஆம் திகதி மூடியது. தனியாக விளையாட விரும்பியவர்களாலும் அதன் பின் விளையாட முடியவில்லை. இதற்கு எதிராக எழுந்த இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் மக்கள் மனுவில் 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் புதிய சட்டமொன்று அமுலில் உள்ளது. வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பாவனை அனுமதி மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் போடக்கூடாது என்கிறது அச்சட்டம். மூடப்படும் விளையாட்டை அது காப்பாற்றாது. ஆனாலும் விற்பனை என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்திருக்கிறது.

வாடகை என்றால் வாடகை என்று சொல்லுங்கள்

நான் எல்லாப் பூட்டுகளையும் எதிர்க்கவில்லை. இன்று பலர் மாதக் கட்டணம் செலுத்தி ஸ்பொட்டிபை போன்ற சேவைகளில் பாட்டுக் கேட்கிறார்கள். அங்கும் பூட்டு இருக்கிறது. ஆனால் கட்டணத்தை நிறுத்தினால் சேவையும் நிற்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அது வாடகை. வாடகைக்கு வாடகை விலை. அதில் ஏமாற்று இல்லை. விற்பனை என்று சொல்லி விற்பனை விலையை எடுத்துக்கொண்டு, வாடகைப் பொருளைக் கையில் கொடுப்பதுதான் பிழை.

பூட்டில்லாமலும் விளையாட்டு விற்க முடியும் என்பதற்கு போலந்து நாட்டு சீ.டி. ப்ரொஜெக்ட் கம்பனி சாட்சி. அது 2008இல் ஆரம்பித்த ஜி.ஓ.ஜி. கடையில் பூட்டில்லாத விளையாட்டுகளே விற்பனைக்கு இருக்கின்றன. 2015இல் தனது சொந்தப் பெரிய வெளியீடான விட்சர் 3 விளையாட்டையும் அங்கே பூட்டில்லாமலே விற்றது. முதல் சில மாத விற்பனையைப் பாதுகாக்கப் பூட்டு அவசியம் என்று வாதிடும் கம்பனிகளுக்கும் வழி இருக்கிறது. 2016இல் வெளியான டூம் விளையாட்டின் பூட்டு அவ்வருட இறுதியிலேயே கழற்றப்பட்டது. மற்றவர்களும் அப்படிச் செய்யலாம். கடையை மூடும் நாளில் சாவியை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

பிள்ளைகளுக்கு விளையாட்டோ பாட்டோ வாங்கிக் கொடுப்பவர்கள் காசு கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இணையம் இல்லாமல் இது வேலை செய்யுமா? கணினி மாறினால் என்ன நடக்கும்? இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? கம்பனி சேவையை நிறுத்தினால் எனது பொருள் என்னவாகும்? பதில் திருப்தியில்லை என்றால் விலையைக் குறைத்து மதியுங்கள், அல்லது வேறு கடை பாருங்கள்.

வியாபாரிகளாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. கள்ளனுக்குப் பயந்து கடைக்குள் வரும் ஒவ்வொருவரின் பையையும் பிரித்துப் பார்த்தால் கள்ளன் வேறு வழியில் வருவான், நல்ல வாடிக்கையாளன் வரமாட்டான். நாம் கொடுக்கும் பற்றுச்சீட்டில் இருக்கும் நிபந்தனையும் உத்தரவாதமும் பொருளை வாங்கும் முன்னரே வாடிக்கையாளருக்குப் புரியும்படி இருக்கட்டும். சந்தையில் கம்பனிகள் நிறைய உண்டு, சரக்கும் நிறைய உண்டு. முழுவிலை கொடுத்த பிறகும் தன்னைச் சந்தேகிக்கும் கடைக்கு இரண்டாவது தடவை போக வேண்டிய தேவை எந்த வாடிக்கையாளருக்கும் இல்லை.