ஊர்ப் பேருந்தும் ஊரார் தீர்மானமும்



மாலை ஐந்தரை மணிக்குப் பின் பேருந்து இல்லாத ஊரில், பத்தாம் வகுப்புத் தேறிய மகளை நகரத்து மேனிலைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். சிறப்பு வகுப்பு முடிந்து, இருட்டில் நான்கு கிலோமீட்டர் அவள் நடந்து வரவேண்டுமே என்னும் அச்சம் அவர்களை வாட்டுகின்றது. நீரிழிவு நோய்க்கு மாதந்தோறும் மாத்திரை வாங்கவேண்டிய முதியவர், போகவரச் செலவை எண்ணி, ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் செல்கின்றார். விடியலில் பறித்த கீரை, சந்தை கலையும் வேளையில் வாடிப்போய்ச் சேருகின்றது. இவை வெவ்வேறு துன்பங்களாகத் தோன்றினும் இவற்றின் வேர் ஒன்றே. உரிய நேரத்தில் ஊருக்குள் பேருந்து வருவதில்லை.

தமிழகம் பேருந்து வசதியில் பின்தங்கிய மாநிலம் அன்று. 1972-ஆம் ஆண்டில் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்னும் பெயர்களோடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றியதை நம்மில் மூத்தோர் நன்கறிவர். 2021 மே மாதத்தில், சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என அரசு ஆணையிட்டது. உழைக்கும் பெண்களுக்கு இது பெரியதோர் உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், பேருந்தே எட்டிப் பாராத ஊரில் கட்டணமில்லாச் சீட்டினால் யாது பயன்? அவ்வூர்ப் பெண் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தே கூலி வேலைக்குச் செல்கின்றாள். சலுகை யாவர்க்கும் பொது. அதைப் பெறும் வழியோ பேருந்து நிற்கும் ஊராருக்கு மட்டுமே.

இக்குறையைத் தீர்க்க நாம் செய்வது யாது? தேநீர்க் கடையில் பேசுகின்றோம். தேர்தல் வேளையில் வேட்பாளரிடம் முறையிடுகின்றோம். பங்குத் தந்தையின் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கிடைத்தால் அதிகாரிகள் செவிசாய்ப்பர் என நம்பி நம்மிடம் வருவோரும் உளர். கடிதம் எழுத நமக்குத் தடையில்லை. எனினும் நம் கடிதத்தை விடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த கருவி ஒன்று அவர்கள் கையிலேயே இருக்கின்றது. கிராம சபைத் தீர்மானமே அது.

அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்த இச்சபைக்கு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சி மன்றத் தலைவர் பதவியில் இருப்பினும், அவருக்குப் பதில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பினும் சபை கூடும். ஆனால் போதிய பேர் வரவேண்டும். 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும் என்பது விதி. நாம் வீட்டில் இருந்துவிட்டால், தீர்மானப் புத்தகத்தில் நம் ஊர்ப் பேருந்துக்கு இடமில்லை.

ஊராட்சி பேருந்து ஓட்டுவதில்லையே, அது தீர்மானம் போட்டு என்ன ஆகும் என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. தடத்தையும் நேரத்தையும் வகுப்பவை போக்குவரத்துக் கழகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமுமே. ஆயினும் பேருந்து ஓடுவதற்குரிய சாலை, அது திரும்பும் இடம், நிழற்குடை, தெருவிளக்கு ஆகியவற்றில் பல, ஊராட்சியின் பொறுப்பிலோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலோ இருக்கின்றன. பேருந்து நின்றுபோவதற்கான காரணமும் பல நேரங்களில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நாம் அறிந்த சிற்றூர் ஒன்றில், ஊருக்குள் வந்துகொண்டிருந்த பேருந்து திடீரென முக்குரோட்டோடு திரும்பிச் செல்லலாயிற்று. ஊரார் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஏசினர். பின்னர்ச் சிலர் பணிமனைக்குச் சென்று பொறுமையாகக் கேட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. மழையில் சிறுபாலத்தின் ஓரம் அரித்திருந்தது. சீமைக் கருவேலங் கிளைகள் சாலைக்குள் நீண்டு கண்ணாடியில் மோதின. பேருந்து திரும்பும் இடத்தில் வைக்கோற்போரும் செங்கல்லும் இருந்தன. பின்னிரண்டையும் ஊராரே ஒரு ஞாயிறு பிற்பகலில் அகற்றினர். பாலத்தைக் குறித்து அடுத்த கிராம சபையில் தீர்மானம் இயற்றி ஒன்றியத்துக்கு அனுப்பினர். பாலம் சீராக ஏழு மாதங்கள் ஆயின. அதன்பின் பேருந்து ஊருக்குள் வந்தது. வைக்கோற்போரை அகற்ற மறுத்தவரை இணங்கவைத்ததே அனைத்திலும் கடினமான வேலை என்று பின்னர் நம்மிடம் கூறினர்!

தீர்மானம் எவ்வாறு அமையவேண்டும்? “எங்கள் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தரவேண்டும்” என்று மட்டும் எழுதினால், அது கோப்பில் உறங்கிப்போகும். முதலில் ஒரு வாரம் எண்ணுங்கள். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் எத்தனை பேர் செல்கின்றனர், எந்த நேரத்தில், எவ்வூருக்கு என்பதைக் குறியுங்கள். இப்பணியைக் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் செவ்வனே செய்வர். அதன்பின், எந்தத் தடப் பேருந்தை எந்த இடம் வரை நீட்டவேண்டும், எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை பேர் பயனடைவர் என்று தெளிவாக எழுதுங்கள். ஊரார் தாமே செய்து முடித்ததையும் அதில் சேருங்கள். பத்துக் கோரிக்கைகளை அடுக்குவதிலும், இன்றியமையாத ஒன்றைக் கேட்பதே சிறப்பு.

தீர்மானத்தின் நகல் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குச் செல்லட்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் ஒன்று அளிக்கப்படட்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டுப் பெற மறவாதீர். மறுமொழி வரவில்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மனுவின் நிலை யாது எனக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் விடை அளித்தல் கடமை. பெரிய பேருந்து நுழைய இயலாத ஊரார் மினி பஸ் கேட்கலாம். 1997-இல் தொடங்கிய அத்திட்டம், 2025-இல் புதிய வடிவில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பேருந்து வசதியற்ற பகுதிகளைத் தனியார் மினி பஸ்களால் இணைப்பதே அதன் நோக்கமாதலால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உங்கள் தடத்தைக் குறித்து மனு அளியுங்கள்.

நகர்ப்புறக் குடும்பங்களும் இதனைச் சிற்றூராரின் கவலை என்று தள்ளிவிடலாகாது. பேருந்து நிலையத்தில் விளக்கு எரிவதும், பெண்கள் கழிப்பறை தூய்மையாக இருப்பதும், முதியோர் அமர இருக்கை இருப்பதும் நகராட்சி மன்றத்தின் பொறுப்பாகும். நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. அங்குச் சென்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இறுதியாக ஒன்று. போராடிப் பெற்ற பேருந்தைக் காலியாக ஓடவிட்டு, நாம் இருசக்கர வாகனத்தில் விரைந்தால், “வசூல் இல்லை” என்ற ஒரே சொல்லில் அது மீண்டும் நின்றுபோகும். அன்று நடந்து செல்லப்போவது வாகனம் வாங்க இயலாத ஏழையும், வாகனம் ஓட்ட இயலாத முதியவரும், பள்ளிச் சிறுமியுமே. ஆகவே, கேட்பது எவ்வளவு நம் கடமையோ, கிடைத்ததில் ஏறிச் செல்வதும் அவ்வளவு நம் கடமை.

அடுத்த கிராம சபை நாளை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள். சாதி, சமயம், கட்சி பாராது அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். குடும்பத் தலைவர் மட்டும் போதும் என்று எண்ணாதீர். பேருந்துக்காக நாள்தோறும் காத்து நிற்பவர்கள் தாய்மாரும் பெண்மக்களுமே. அவர்கள் எழுந்து நின்று தங்கள் வாயாலேயே சொல்லட்டும்.