எடைத்தட்டில் ஏறாத மோனோகிராம்

காயலான் கடை என்பதைச் சென்னைச் சொல்லாகவே எல்லோரும் நினைக்கிறோம். அது நம் தென்மாவட்டப் பக்கத்திலிருந்து போன சொல். காயல்பட்டினத்து வணிகர்கள் அங்கே போய்ப் பழைய இரும்பு வாங்கி விற்றதால் அந்தப் பெயர் நிலைத்தது என்பார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தின் மிச்சமாக, ஓடாத வண்டியைப் பார்த்தால் ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்று இன்றும் கேலி பேசுகிறோம். அந்தக் கேலிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: வண்டி நின்றுவிட்டால் அதன் மதிப்பு எடைதான். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போனாலும் திருநெல்வேலி போனாலும் சாலையோரத்தில் இரும்புக் கடை ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. கதவில்லாத வேன், மூக்கு நசுங்கிய கார், சக்கரம் கழற்றிய ஆட்டோ. அவற்றுக்கு நடுவே குனிந்து தேடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தன் வண்டிக்கு எங்கேயும் கிடைக்காத கதவுக் கைப்பிடியைத் தேடி வந்தவர் ஒருவர். பானெட்டில் இருக்கும் பெயர்ச் சின்னத்துக்காக, மெக்கானிக்குகள் சொல்கிற ‘மோனோகிராமு’க்காக, வந்தவர் இன்னொருவர். இருவருமே எடைக் கணக்கை ஏற்காதவர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. புதிய வாகன அழிப்பு விதிகள் அந்த நியாயத்துக்கு இடம் விட வேண்டும்.

விதிகள் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கிவைத்தது. செப்டம்பர் 23-இல் பதிவுபெற்ற அழிப்பு நிலையங்களுக்கான விதிகள் அரசிதழில் வந்தன. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025-இல் அதுவே 10,000 ஆனது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவுப் புதுப்பிப்பே கிடையாது. அழிக்கக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால் அடுத்த சொந்த வண்டியின் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. முன்பு விற்ற வண்டிகளில் இருந்த எஃகில் முதல் ஐந்தாண்டுகளுக்குக் குறைந்தது 8 சதவீதம் மறுசுழற்சிக்கு வந்ததாகத் தயாரிப்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்கு எஃகில் மட்டுமே ஓடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு கதவு இன்னொரு வண்டிக்குப் போனால் அந்தப் பேரேட்டில் அது வரவாக ஏறாது. உருக்காலைக்குப் போனால் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த ஆணையில், வண்டி எடையில் 85 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும் என்று 2015-க்கு இலக்கு வைத்தார்கள். அங்கே மறுபயன்பாடும் கணக்கில் சேர்ந்தது. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் கடைக்காரரும் பத்திரமாகக் கழற்றுவார்.

கழற்றுவது என்றதும் அந்த மோனோகிராமைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பழைய கார்களில் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசியது. உள்ளங்கைக்குள் அடங்கும். முன்பக்கம் சாய்வெழுத்தில் ஒரு பெயர். பின்பக்கம் இரண்டு மூன்று சிறு முளைகள். பானெட் தகட்டில் போட்ட துளைகளுக்குள் முளைகள் நுழைந்து, உள்ளே கிளிப்பில் கவ்வி நிற்கும். வெளியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முளை முறியும், எழுத்து இரண்டாகும். பானெட்டைத் தூக்கி உள்ளிருந்து கிளிப்பைத் தளர்த்தினால் முழுதாக வரும். அரை நிமிட வேலை. வெயிலும் மழையும் பட்ட குரோமில் அம்மைத் தழும்புபோலப் புள்ளிகள் விழுந்திருக்கும். அதைப் போக்குவது கடினம். பின்னால் வந்த வண்டிகளில் பிளாஸ்டிக் எழுத்தைப் பசை நாடாவால் ஒட்டினார்கள். எடைத்தட்டில் இவை எதுவுமே ஏறாது. தராசு முள் அசையக்கூட அசையாது.

அசையாத அந்தச் சின்னத்தில்தான் வண்டியின் வரலாறு எழுதியிருக்கிறது. ஒரே முகம்போலத் தெரிகிற அம்பாசிடரில் 1962-இல் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4 என்று வந்த மாற்றத்தைப் பலர் கிரில்லையும் சின்னத்தையும் வைத்தே சொல்வார்கள். ஃபியட் 1100 என்று விற்ற கார், இத்தாலிய நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிரீமியர் பத்மினி ஆயிற்று. உடல் அதே உடல். பெயர் மட்டும் மாறியது. அந்நிய உரிமத்தில் ஓடிய நம் தொழில்துறையின் கதை ஃபியட், பிரீமியர் என்ற அந்த இரண்டு தகடுகளை அருகருகே வைத்தாலே விளங்கும். சென்னை பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்த ஹெரால்டு, இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுபோனது. நான்கு கதவு ஹெரால்டை நாம் மட்டும்தான் செய்தோம். 1972-இல் அதன் வழியில் கெசல் வந்தது. கம்பெனியின் கார் உற்பத்தி 1980-களோடு முடிந்தது. இன்று அந்தக் காருக்குப் புது உதிரிபாகம் கேட்டு எந்தக் கடைப் படியும் ஏற முடியாது. உள்ளே ஸ்டார்ட்டர் மோட்டாரைத் திருப்பிப் பார்த்தால் லூகாஸ் டிவிஎஸ் என்ற முத்திரை இருக்கும். 1961-இல் சென்னை பாடியில் தொடங்கிய தொழிற்சாலை அது. தமிழ்நாடு ‘வாகனத் தலைநகர்’ ஆன கதையை அமைச்சர்கள் மேடையில் சொல்கிறார்கள். அதற்கான சான்றுகள் இரும்புக் கடையில் குப்புறக் கிடக்கின்றன.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வண்டியில் எழுதிய பெயர் என்பது வெறும் அலங்காரம் இல்லை. 1974-இல் நெல்லையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துக் கழகம் கட்டபொம்மன் பெயரில் ஓடியது. மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், நாகர்கோவிலுக்கு நேசமணி. 1997-இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியபோது எழுந்த சாதி மோதல்களுக்குப் பிறகு, மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கியது. ஒரு பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய பெயருக்காக ஊர்கள் எரிந்த வரலாறு இது. அந்தப் பெயர் தாங்கிய ஒரு தகடு, ஒரு முகப்பு எங்காவது கிடைத்தால் அது அரசு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்க வேண்டிய பொருள். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் என்ற ஆய்வறிக்கையை 2025 ஜனவரியில் பெருமையோடு வெளியிட்ட மாநிலம் நாம். ஐம்பது ஆண்டு இரும்பை மட்டும் கிலோக் கணக்கில் பார்க்கிறோம்.

ஐம்பது என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த இன்னொரு திருத்தப்படி, பதிவாகி 50 ஆண்டு முடிந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘விண்டேஜ்’ என்ற தகுதி பெறும். 20,000 ரூபாய் கட்டினால் 10 ஆண்டுக்குத் தனிப் பதிவு எண் கிடைக்கும். நிபந்தனை: வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. இப்போது இரண்டு விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். 15 வயதானால் கூடுதல் கட்டணம் கட்டு, இல்லையேல் போய்விடு என்று ஒன்று சொல்கிறது. 50 வயதில் மூல வடிவோடு வந்தால் மரியாதை என்று இன்னொன்று சொல்கிறது. நடுவில் இருக்கும் 35 ஆண்டை அந்த வண்டி எதைத் தின்று கடக்கும்? செத்த வண்டிகளின் பாகங்களைத் தின்றுதான் கடக்க முடியும். ஓடுகிற ஒரு பழைய காருக்குப் பின்னால் பிரித்துப்போட்ட நாலைந்து கார்கள் இருக்கும். நாட்டின் முதல் மாருதி 800-ஐ 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் சாவி வாங்கிப் பெற்றவர் ஹர்பால் சிங். 2010-இல் அவர் இறந்த பிறகு அந்தக் கார் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. நிறுவனமே அதற்கு மூலப் பாகங்களைத் தேடிப் பொருத்தி, 2022-இல் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. முதல் கார் என்பதால் அதற்கு அந்த யோகம். இரண்டாவதற்கும் இருபதாயிரமாவதற்கும் இரும்புக் கடைதான் கதி.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, இதற்கு எதற்கு அரசு விதி என்று கேட்பார்கள். மோனோகிராம் சேகரிப்பவர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கலாம். உதிரிபாகம் தேடுகிறவர்களைப் பொறுத்தவரை துளியும் இல்லை. டாடா ஏஸ், நம் வழக்கில் குட்டி யானை, 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. அதன் முதல் வரிசை வண்டிகளுக்கு இருபது வயது முடிந்துவிட்டது. சங்கரன்கோவில் பதிவான டி.என். 79 எண்ணோடு காய்கறியும் சேலைக் கட்டும் ஏற்றிப்போகிற பழைய வண்டிக்குப் பின்கதவுக் கொக்கி உடைந்தால், புதிதாக வாங்க யோசிக்கிறவர் முதலில் போவது இரும்புக் கடைக்குத்தான். விசைத்தறி ஓடும் சங்கரன்கோவிலுக்கு இதைப் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. நின்ற தறியின் பாகம் ஓடும் தறிக்குப் போவது இங்கே பொழுதுபோக்காக இருந்ததில்லை, பிழைப்பாகவே இருந்திருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் திருட்டு. பழைய பாகச் சந்தை என்றாலே திருட்டு வண்டிகளின் கசாப்புக் கடை என்ற எண்ணம் இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளைப் பற்றிச் சொல்லாத கேலியா? மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் காவல்துறை மூடியதற்கும் திருட்டு வண்டிகள்தான் காரணம். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்கு மருந்து, அழிப்பு நிலைய விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. பதிவுபெற்ற நிலையம் ஒரு வண்டியை ஏற்கும் முன், அது திருடுபோன வண்டியா, வழக்கில் சிக்கியதா என்று காவல்துறைப் பதிவுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த துண்டை வெட்டி 6 மாதம் பாதுகாக்க வேண்டும். இவ்வளவு சோதனை முடிந்த வண்டியிலிருந்து ரசீதோடு விற்கும் விளக்கைவிடச் சுத்தமான பழைய பாகம் வேறெங்கே கிடைக்கும்? அங்கே கிடைக்காதபோதுதான் வாங்குகிறவர் ரசீதில்லாத கடைக்குப் போகிறார். நேர்வழிக் கதவை அடைத்தால் திருடனுக்குத்தான் வியாபாரம்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபத்தை நான் ஏறத்தாழ அப்படியே ஏற்கிறேன். பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள், டயர், சீட் பெல்ட், காற்றுப்பை ஆகியவை பழையதாக மறுபடி விற்பனைக்கு வரவே கூடாது. எண்ணெயும் பேட்டரி அமிலமும் மண்ணில் இறங்கும் திறந்தவெளிக் கடைகளும் இப்படியே தொடரக் கூடாது. இரும்புக் கடை எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதற்கு டெல்லி மாயாபுரி சாட்சி. 2010 ஏப்ரலில், பல்கலைக்கழகம் கழித்த கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 அங்கே உடைபட்டு ஒருவர் உயிரே போனது. ஆகவே முறையான அழிப்பு நிலையம் தேவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. புகை கக்கும் வண்டியைச் சாலையில் விடச் சொல்லியும் கேட்கவில்லை. நின்றுபோன வண்டியின் கண்ணாடி, மீட்டர், கைப்பிடி, பம்பர், விளக்கு மூடி, மோனோகிராம் எதுவும் புகை விடுவதில்லை.

போக்குவரத்துத் துறை இதற்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதிவுபெற்ற ஒவ்வொரு அழிப்பு நிலையத்திலும், வண்டியை நசுக்கும் முன் 30 நாள், பாதுகாப்போடு தொடர்பில்லாத பாகங்களைப் பட்டியல் போட்டு ரசீதோடு விற்கும் ஒரு கவுண்டர் வேண்டும். அப்படி விற்ற பாகத்தின் எடையும் மறுசுழற்சிக் கணக்கில் சேர வேண்டும். இதற்கு மத்திய அரசு மனம் வைக்க வேண்டும். கழிக்கப்படும் அரசு ஜீப்புகளையும் பேருந்துகளையும் ஏலம் விடும் முன் அருங்காட்சியகத் துறையினர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015-இல் கார்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தது. தனியார் செய்ததில் பத்தில் ஒரு பங்கை அரசு செய்தாலும் போதும். அதுவரை, வீட்டுப் பழைய வண்டியை அழிக்கக் கொடுக்க முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டிக்கொண்டு போகும் முன் பானெட்டைத் தூக்கி, உள்ளிருந்து கிளிப்பைத் தளர்த்தி அந்த மோனோகிராமைக் கழற்றுங்கள். அதன் பின்பக்கம் வண்டி எண்ணையும் வாங்கிய ஆண்டையும் மையால் எழுதி வையுங்கள்.