பத்து மணிக்கு வரும் பபூன்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகம் அது. இதை ஆடுவோர் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். தனித்தனியே தேதி கொடுத்து, ஒத்திகையின்றி மேடையில்தான் சந்திப்பார்கள். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். மதுரையைப் போலவே புதுக்கோட்டையிலும் இக்கலைஞர்களுக்குச் சங்கம் உண்டு.

வேலனும் வள்ளியும் வருவதற்கு முன், இரவு பத்து மணியளவில் பபூன் என்னும் கோமாளி வருவார். கதைக்கும் அவருக்கும் அதிகத் தொடர்பில்லை. ஊர் நடப்பைப் பேசுவதுதான் வேலை. பேசும் முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது குறைவு. மேடையோரம் ஆர்மோனியத்தோடு அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரரிடம்தான் பேசுவார். இப்படி ஒரு பேச்சை வைத்துக்கொள்வோம்.

“பட்டா மாத்தப் போனேண்ணே.”

“சரி.”

“கையெழுத்துப் போடப் பேனா இல்லைன்னார். வாங்கிக் கொடுத்தேன். மை இல்லைன்னார். மை எவ்வளவுன்னு கேட்டேன். அது நிலத்தோட அளவைப் பொறுத்ததுன்னார்!”

கூட்டம் சிரிக்கிறது. முன்வரிசையில் அலுவலர் ஒருவர் இருந்தாலும் கோபப்பட வழியில்லை. பேச்சு அவரிடம் நடக்கவில்லை. இருவர் தமக்குள் பேசுவது நம் காதில் விழுகிறது, அவ்வளவே. மேலும், கதையில் ஏமாந்தவர் பபூன். தன்னைத் தாழ்த்திக்கொண்ட பிறகே அவர் பிறரைத் தொடுகிறார். இந்த இரண்டும்தான் அவருக்குப் பாதுகாப்பு.

எழுத்திலும் இதே உத்தி உண்டு. ஈரானிய எழுத்தாளர் இராஜ் பெசெஷ்க்சாத் 1973இல் வெளியிட்ட ‘என் மாமா நெப்போலியன்’ என்ற பாரசீக நாவலில், எது நடந்தாலும் ஆங்கிலேயர் சதி என்று நம்பும் குடும்பப் பெரியவர் ஒருவர் வருகிறார். கதையைச் சொல்பவன் காதல்வயப்பட்ட ஒரு பையன். ஒரு வீட்டுச் சச்சரவாகவே கதை நகர்கிறது. ஆனால் வாசகர் சிரிப்பது நாடு முழுவதும் பரவியிருந்த ஒரு மனப்பழக்கத்தைப் பார்த்துத்தான். 1976இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 1979 புரட்சிக்குப் பின் நூல் தடை செய்யப்பட்டது.

நூலாசிரியருக்கு அரசு எல்லை வகுத்தது. பபூனுக்கு எல்லை வகுப்பது விழாக் கமிட்டி. சம்பளம் ஊர்வரியிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வருகிறது. ஆகவே அவர் ‘ஒரு ஆபீசர்’, ‘ஒரு தலைவர்’ என்று பொதுவாகத்தான் சொல்வார். உள்ளூர்ப் பெரியவர் பெயர் வராது. சாதியைத் தொடுவது இன்னும் அரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிகாரத்தைத் தொடத் தயங்கும் கேலி, பெண்களைத் தொடத் தயங்குவதில்லை. பபூனோடு ஆட வரும் பெண் கலைஞர் இரட்டை அர்த்தப் பேச்சைத் தாங்க வேண்டியிருக்கிறது. வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள் அங்கேயே திருப்பிக் கொடுத்துக் கைதட்டல் வாங்குவதும் உண்டு. ஆனாலும் மேடையை விட்டு இறங்கிய பின் ஊரார் பேச்சைச் சுமப்பவர் அவர்தான். இதைக் கழித்துவிட்டு பபூனைச் சமூக விமர்சகர் என்று மட்டும் புகழ்வது சரியாகாது.

ராஜபார்ட் வரட்டும் என்று நள்ளிரவுக்கு மேல் நாடகம் பார்க்கப் போகிறவர்கள், அடுத்த திருவிழாவில் ஒருமுறை பத்து மணிக்கே போய் உட்காரலாம்.