எந்த இதழுக்கு அனுப்புவது?

ஆராய்ச்சிக் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது? மாணவர்களும் கல்லூரிகளுமே இனி முடிவு செய்ய வேண்டும்.

முன்பு பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பட்டியல் வைத்து இருந்தது. 2018-ம் ஆண்டு அதில் இருந்து 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. காரணம், தரக்குறைவு, தவறான தகவல். பிறகு வந்த "கேர்" பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

போலி இதழை அறிவது எப்படி? நல்ல இதழ், கட்டுரையை நிபுணர்களிடம் காட்டும். குறை இருந்தால் திருப்பி அனுப்பும். போலி இதழ், பணம் வந்ததும் அச்சிட்டு விடும்.

கட்டுரையிலும் ஒழுங்கு வேண்டும். கேள்வி என்ன? எப்படி ஆராய்ந்தார்? என்ன கண்டார்? அதனால் தெரிவது என்ன? நான்கும் வரிசையாக வர வேண்டும்.

படித்தவர்கள் விவகாரம்தானே என்று இருந்துவிட முடியாது. இத்தகைய கட்டுரைகளை நம்பித்தான் மருந்தும் விதையும் நம் வீட்டுக்கு வருகின்றன.