பைட்டை மறைக்காத தடம்

கொடகவெல என்ற ஊர்ப் பெயரைத் தமிழில் இட்ட கோப்பைத் திறக்கும் நிரலை, அதன் கணினி அழைப்புகளை வரிவரியாக அச்சிடும் எஸ்ட்ரேஸ் கருவியில் ஓடவிட்டால், கோப்பைத் திறக்கும் ஓப்பன்ஏட் வரியில் தமிழெழுத்து ஒன்றும் தெரியாது. ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225 என்ற எண்மக் குறிகள் நிற்கும். தோட்டப் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் சேவையகம் பராமரிப்போர் இதைக் கண்டு சலிப்பது நியாயம்தான். பால் கிரானன்பர்க் 1991இல் சன்ஓஎஸ்ஸுக்காக இந்தக் கருவியை எழுதியபோது யூடிஎஃப்-8 குறிமுறை பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் இந்த இயல்பமைப்பை மாற்றக் கூடாது என்பதே எமது நிலைப்பாடு.

காரணம் இந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ‘கொ’வின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாக, \340\257\212 என்று எழுதலாம். கொம்பையும் காலையும் பிரித்து \340\257\206\340\256\276 என்றும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முழுப் பெயரோ முதல் வடிவில் 21 பைட், இரண்டாவதில் 24 பைட். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகள் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவதால், ஒரு வடிவில் சேமித்த பெயரை மற்ற வடிவில் கேட்டால், கண்முன்னே கிடக்கும் கோப்புக்கு ‘அப்படியொன்று இல்லை’ என்னும் ஈநோஎன்ட் பிழை வருகிறது. பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த பொதியை லினக்ஸில் விரித்தால் இந்தச் சிக்கலும் கூடவே வரும். அழகான தமிழில் அச்சிடும் கருவி இதைக் காட்டவே காட்டாது, எண்மம் காட்டும்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. நிரல் கையளிப்பது ஒரு முகவரி மட்டுமே. எஸ்ட்ரேஸ் அந்த நினைவகத்தைப் படித்து அச்சிடுகிறது. அங்கே என்ன பைட்டும் இருக்கலாம். எஸ்கேப் குறியான எண்மம் 33ஐ அப்படியே முனையத்துக்கு விட்டால், பின்வருவது முனையத்துக்கான கட்டளையாக இயங்கக்கூடும்.

அதற்காகத் தமிழ் வாசிக்கும் வசதியே வேண்டாமென்று சொல்லவில்லை. விரும்பிக் கேட்போருக்கு, செல்லுபடியான எழுத்துகளைத் தமிழாகவும் அருகிலேயே பைட்டுகளாகவும் காட்டும் தெரிவு வேண்டும். கருவி எந்த வடிவத்தையும் தானாக மற்றதாக மாற்றக் கூடாது. கோப்புப் பெயர்கள் முழுதாக அச்சாகும். ரீட், ரைட் உரைகளோ இயல்பாக 32 பைட்டில் வெட்டப்படும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், தொடர்ந்து தமிழே வந்தால் பத்து முழுதாக வந்து பதினொன்றாவது நடுவில் அறும். அந்த மிச்ச 2 பைட்டையும் எண்மமாகவே விட வேண்டும். இந்தத் தெரிவைச் சேர்க்கும் திருத்தத்தை எழுதி அனுப்ப முன்வருவோரின் வரைவைச் சோதித்துப் பார்க்க நாம் தயார்.