மட்டை இடுக்கில் ஒரு கயிறு

பனையேறியின் நெஞ்சைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மரத்தை அணைத்து அணைத்து ஏறியதில் தோல் தடித்துக் காய்த்துப்போயிருந்தது. காலில் தளைநார், இடுப்புப் பெட்டியில் பாளை சீவும் அரிவாள், கலயத்தில் தடவச் சுண்ணாம்பு. இவ்வளவுதான் அவருடைய கருவிகள். பதநீர்க் காலத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். அதனால் காய்ச்சலுக்குக்கூட விடுப்பு இல்லை. தென்னைக்குக் கம்பி வளையமும் மிதியும் கொண்ட கருவி வந்துவிட்டது. பனைக்கும் அது போதும் என்பவர்கள் உச்சியை நினைப்பதில்லை. தண்டில் ஏறுவது பாதி வேலைதான். ரம்பப் பல் போன்ற கருக்கு மட்டைகளின் இடுக்கில் உடம்பை நுழைத்துக் கொண்டைக்குள் போகும் அந்த இரண்டடிதான் உயிரோடு விளையாடும் இடம். அங்கே பிடித்துக்கொள்ளக் கையைத் தவிர எதுவும் கிடையாது. மேலைநாடுகளில் மரம் கழிக்கிறவர் இடுப்புவார் மாட்டி, கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டுதான் ரம்பத்தைத் தொடுகிறார். பனை நம் மாநில மரம். அதில் ஏறுகிறவருக்கும் கொண்டைவரை கூடவே வரும் இடுப்புவார் ஒன்றை, பனையேறிகளையே பக்கத்தில் உட்காரவைத்து, நம் பொறியியல் கல்லூரிகள் செய்து தரட்டும். அதை அரசு இலவசமாகக் கொடுக்கட்டும்.